பொட்டேரோவின் பருத்த மாந்தர்

கொலம்பிய ஓவியர் பெர்னாண்டோ பொட்டேரோவின் (1932–2023) பருத்த உருவங்களை வெறும் வேடிக்கையெனத் தள்ளிவிடும் விமர்சகர் பலர். அவரோ, தாம் தீட்டுவது கொழுப்பை அன்று, கனபரிமாணத்தையே எனக் கூறிவந்தார். இவ்விளக்கமும் போதாது. ‘ஜனாதிபதி குடும்பம்’ (1967) என்னும் ஓவியத்தில் ஆயரும் படையதிகாரியும் ஊதிப்பெருத்து நிற்கின்றனர்; பருமன் அங்கு அதிகாரத்தின் வீக்கமாகவே தோன்றுகிறது. (பிற்காலத்தில் அவர் தம்மையே பிரதிசெய்தார் என்பதையும் மறுப்பதற்கில்லை.) ஆயின், ஈராக்கின் அபு கிரைப் சிறைச் சித்திரவதைகளைப் பொருளாகக்கொண்டு 2005இல் அவர் காட்சிக்கு வைத்த ஓவியங்களில் அதே பெருவுடல்கள் கட்டுண்டு, நிர்வாணமாய், குருதி கசியக் கிடக்கின்றன. எலும்புந் தோலுமான உடல் நம் இரக்கத்தை எளிதிற் பெற்றுவிடும். இவ்வுடல்களோ இத்துணைத் தசையிருந்தும் தம்மைக் காக்க இயலாதவை. இவ்வோவியங்களை விற்க மறுத்த பொட்டேரோ, பலவற்றைக் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக அளித்தார்.