தலைக்கு மேலே சாஞ்சி, காலடியில் அனுராதபுரம்

சாஞ்சிப் பெரிய தூபிக்கு நான்கு திசையிலும் தோரணவாயில் உண்டு. இரண்டு சதுரத் தூண்கள், அவற்றின் மேல் வளைந்த மூன்று உத்திரங்கள். மரவேலையை அப்படியே கல்லுக்கு மாற்றிய கட்டுமானம். தென்வாயில் உத்திரம் ஒன்று, சாதகர்ணி மன்னனின் சிற்பிகளுக்குத் தலைவனான ஆனந்தன் அளித்தது. அதே வாயிலில் ஒரு தூணை விதிசை நகரத்தின் தந்தவேலைக்காரர்கள் செதுக்கினார்கள். இரண்டுமே கல்வெட்டுச் செய்திகள். தந்தம் குடைந்து பழகிய கை என்பது பார்த்தாலே தெரியும்; விரற்கடை இடம்கூடச் சும்மா இல்லை. புத்தர் மட்டும் மனித உருவில் வருவதில்லை. போதிமரம், சக்கரம், பாதச்சுவடுதான். அண்ணாந்து பார்த்துக் கதைகளைப் படித்துவிட்டு நுழைந்தால், தூபியைச் சுற்றிய கல்வேலி மடங்கி நம்மை வலம்வரும் பாதையில் திருப்பிவிடும்.

இலங்கைக்குப் பௌத்தம் கொண்டுபோன மகிந்தரின் தாயார் இந்த விதிசைக்காரர் என்கிறது மகாவம்சம். ஆனால் மகன் போன இலங்கையில் இந்த மாதிரிக் கல் தோரணம் வேரூன்றவில்லை. மிகிந்தலை கண்டக சேதியத்தின் வாகல்கடவைத் தூரத்தில் பார்த்தால் வாயில் என்றே நினைப்போம். கிட்டப் போனால் வழி கிடையாது. தாதுகோபத்தை ஒட்டி நிற்கும் கல் முகப்பு அது, பூ வைத்து வணங்கும் இடம்.

ஆள் நுழையும் வாசலிலோ இலங்கைச் சிற்பி வேலைப்பாட்டையெல்லாம் கீழே இறக்கிவிட்டான். அனுராதபுரத்து அபயகிரி விகாரையின் இரத்தினப் பிராசாதத்துப் படியோரக் காவற்கல்லில் நாகராஜன் பல தலைப் படம் விரித்து நிற்கிறான். ஒரு கையில் பூரணகும்பம், மறு கையில் பூங்கொத்து. நம்மூர்த் துவாரபாலகர் கதாயுதத்தை ஊன்றி விரலை நீட்டி எச்சரிப்பார். இவனோ வரவேற்கிறான்.

படியின் அடியில் அரைவட்டமாகச் சந்திரவட்டக்கல். அனுராதபுரத்தில் யானை, எருது, சிங்கம், குதிரை ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். உள்ளே கொடி, அன்னம், நடுவில் தாமரை. நான்கு விலங்கும் பிறப்பு, மூப்பு, பிணி, சாவு என்றார் தொல்லியலாளர் பரணவிதான. அழகான விளக்கம்தான், எனக்கு முழுச் சம்மதமில்லை. பிற்காலத்துப் பொலன்னறுவை வட்டதாகேயின் சந்திரவட்டக்கல்லில் எருதும் இல்லை, சிங்கமும் இல்லை. சோழர் ஆட்சிக்குப் பின் நந்தியை மிதிக்கத் தயங்கி எருதை எடுத்துவிட்டார்கள் என்பது பலர் சொல்லும் காரணம். எதுவானாலும், நான்கு துன்பங்களில் இரண்டைக் கழற்றிவிட்டுத் தத்துவம் சொல்ல முடியுமா? கால்படும் இடத்தையும் மங்கலமாக்குவதே செதுக்கியவனின் நோக்கம் என்று எனக்குப் படுகிறது.

அனுராதபுரத்தில் ‘மகாசேனன் மாளிகை’ என்று வழங்கும் இடத்தில் இருப்பதுதான் சந்திரவட்டக்கற்களில் சிறந்தது. அதைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். யாரும் மிதித்து ஏற முடியாது.