பானத் ஸுஆத்: பாடுபொருளும் உட்பொருளும்

கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்களின் 'பானத் ஸுஆத்' கஸீதாவின் உட்பொருள் யாது என்று மாணவர்களிடம் வினவும்போதெல்லாம் 'நபிப் புகழ்ச்சி' என்ற விடையே நமக்குக் கிடைக்கிறது. அது அக்கவிதையின் வகை, உட்பொருளன்று. நபி (ஸல்) அவர்கள் திருமுன் பாடப்பட்ட ஒரு கஸீதா, பிரிந்துபோன ஒரு பெண்ணுக்கான ஏக்கத்தில் ஏன் தொடங்க வேண்டும்? ஒட்டக வருணனை ஏன் அத்தனை நீள வேண்டும்? அந்த விடை இவற்றைத் தொடுவதேயில்லை. 'ஜாஹிலிய்யாக் கால மரபு' என்று கூறித் தொடக்க அடிகளைக் கூச்சத்தோடு கடந்து செல்பவர்களும் நம்மில் உண்டு.

(போர்வை அளிக்கப்பெற்றதால் இதற்கும் 'புர்தா' என்ற பெயர் உண்டு. நம் ஊர்களில் ஓதப்படும் பூஸீரீ இமாமின் புர்தா, ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டினது, வேறு.)

இன்று 'கருப்பொருள்' என்ற சொல்லையே இதற்கு வழங்குகிறோம். தொல்காப்பிய மரபில் கருப்பொருள் என்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம் முதலியன. அவ்வகையில் ஒட்டகம் கருப்பொருள், பிரிவு உரிப்பொருள். உட்பொருளோ இவையனைத்தையும் ஒன்றாகக் கோக்கும் இழை. அதனைத் தேடுவோர் கவிதையில் திரும்பத் திரும்ப வரும் சொல்லைக் கவனிக்க வேண்டும்.

இங்கு அச்சொல் வாவ், ஐன், தால் என்ற வேரில் பிறக்கிறது. ஸுஆதின் வாக்குறுதிகள் 'மவாயீத்'. பழமொழியில் இடம்பெற்ற உர்கூபின் வாக்குறுதிகளைப் போல அவை பொய்த்துப் போகின்றன. ஒட்டகம் எத்துணை வலிமையுடையதாயினும் அவளிடம் சேர்ப்பதில்லை. நம்பிய நண்பர்களும் கைவிரிக்கின்றனர். அதன் பின்னரே, நபி (ஸல்) அவர்கள் தம்மை எச்சரித்ததாகக் கஅப் கூறுகிறார். அவ்விடத்தில் வரும் 'அவ்அத' என்ற வினையும் அதே வேரினதே. மக்கா வெற்றிக்குப் (ஹிஜ்ரி 8) பின், தாம் பாடிய வசையின் காரணமாக உயிரச்சத்தோடு மதீனா வந்தவர் அவர். அரபிகளிடம் வாக்கு மீறுவது இழிவு. எச்சரிக்கையை நிறைவேற்றாது விடுவது பெருந்தன்மை. இன்பம் தருவதாகச் சொன்னவள் தரவில்லை. தண்டிப்பதாகச் சொன்னவரிடமோ மன்னிப்பு எதிர்பார்க்கப்படுகிறது. ஸுஆதை நீக்கிவிட்டால் இந்த மன்னிப்பின் எடை நமக்குத் தெரியாது.

எனவே இக்கஸீதாவின் உட்பொருள், நம்பத்தக்க சொல் எவரிடம் உள்ளது என்ற தேடல் என்பது நம் கருத்து. புகழ்ச்சி அத்தேடலின் முடிவில் வருகிறது.

இந்த இழைக்குள் எளிதில் அடங்காத பகுதி ஒன்றும் உண்டு. இறுதியில் முஹாஜிர்களைப் போற்றும் கஅப், அன்ஸாரிகளைப் போற்றவில்லை. அவரைக் கண்டதும் அன்ஸாரி ஒருவர் தலையைக் கொய்ய அனுமதி கேட்டதாகவும், நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாகவும் சீரா நூல்கள் கூறுகின்றன. மன்னிப்பைப் பாடும் நாவிலும் அந்த வாளின் நினைவு தங்கிவிட்டது போலும். அன்ஸாரிகளின் புகழைக் கஅப் பின்னர் வேறொரு கவிதையில் பாடினார்.