கார் நிக்கோபாரில் சமயப் போதகமும் மொழியாக்கமும்: ஒரு திறனாய்வு

1. முன்னுரை

சமயப் போதகத்தால் மக்கள் வாழ்வு மாறிய வரலாறுகள் பெரும்பாலும் போதகரின் ஊக்கத்தையும் தியாகத்தையும் சமயம் மாறியோர் தொகையையும் கொண்டே எழுதப்பெற்றுள்ளன. அப்போதகம் எந்த மொழியில், எவர் வாயால், எத்தகைய தொடரமைப்பில் நிகழ்ந்தது என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுகிறது. இவ்வினாவுக்கு விடை காண நிக்கோபார்த் தீவுகள் தக்க களமாக அமைகின்றன. இத்தீவுகளில் கிறித்தவம் இரு வேறு காலங்களில் போதிக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டு முயற்சி வேரூன்றாமல் முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய முயற்சி கார் நிக்கோபார்ச் சமுதாயத்தின் வாழ்வையே மாற்றியது. இரண்டிற்கும் தமிழகத்தோடு தொடர்பு உண்டு. இரண்டின் விளைவும் வேறுபட்டதற்குரிய காரணங்களுள் மொழி சார்ந்ததே பெரிதும் புறக்கணிக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது.

2. நான்கௌரி முயற்சி

தரங்கம்பாடியை அடுத்துத் தங்கள் தோட்டத்தை அமைத்திருந்த மொரேவியச் சகோதரர்கள் 1768-இல் நடு நிக்கோபாரில் உள்ள நான்கௌரித் தீவில் குடியேறினர். தீவுகள் அப்போது டேனிய அரசின் உரிமைக்கு உட்பட்டிருந்தன. சகோதரர்கள் பலர் காய்ச்சலுக்கு இரையாயினர். 1787-இல் பணி கைவிடப்பட்டது. அங்குப் பணியாற்றித் திரும்பிய ஹென்சல் பின்னாளில் எழுதிய கடிதங்கள் 1812-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. தோல்வியை மறைக்காமல் எழுதியமை அக்கடிதங்களின் சிறப்பாகும்.

இத்தோல்விக்கு நோயையே முதற்காரணமாகக் கூறுவது வழக்கம். அது உண்மையே. ஆயினும் உயிர் பிழைத்தோர் ஆண்டுக்கணக்கில் தங்கியும் போதகம் பயன் தராமை நோக்கத்தக்கது. கப்பல் வணிகத்தின் வழியாகப் போர்த்துக்கீசியம் போன்ற அயன்மொழிகளைத் தீவினர் ஓரளவு அறிந்திருந்தனர். தேங்காய்க்கு விலை பேசவும் இரும்பும் துணியும் கேட்டு வாங்கவும் அத்தகைய இடைமொழி போதும். பாவம், மன்னிப்பு, அருள் ஆகியவற்றைப் பேச அது போதாது. சந்தை மொழியில் சொல்லப்பட்ட சமயம் சந்தைச் செய்தியாகவே கேட்கப்படும்.

3. வேதப்பன் சாலமோன்

1869-இல் தீவுகள் ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் வந்தன. அந்நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊரில் பள்ளி நடத்தியவர் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழர். உபதேசியாராகவும் ஆசிரியராகவும் அரசின் முகவராகவும் அவர் ஒருசேர விளங்கினார். அவருடைய நாட்குறிப்பின் பகுதிகள் 1902-இல் இலண்டன் மானிடவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. தீவினரின் விழாக்களையும் இறப்புச் சடங்குகளையும் பேயோட்டும் முறைகளையும் உடனிருந்து கண்டு பதிந்தமையால் அக்குறிப்புகள் இன்றும் மானிடவியலார்க்குப் பயன்படுகின்றன.

சாலமோனின் பணியை மதிப்பிடுவோர் இரு கூறுகளை ஒருங்கே நோக்க வேண்டும். அரசின் சொல்லும் சமயத்தின் சொல்லும் ஒரே வாயிலிருந்து பிறந்தன என்பது ஒன்று. கேட்போர் இரண்டையும் எளிதில் பிரித்தறிந்திருக்க இயலாது. அவர் ஊராரிடையே தங்கி, அவர்தம் குழந்தைகளுக்குக் கற்பித்தார் என்பது மற்றொன்று. நான்கௌரிப் பணியிலிருந்து மூஸ் பணியை வேறுபடுத்தியது இப்பள்ளியே. அதன்வழி போதகத்தின் உரிமை அடுத்த தலைமுறையில் தீவினர் கைக்கு மாறியது.

4. எதிரெதிர்த் தொடரமைப்பு

கார் மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சார்ந்தது. அதன் இயல்பான தொடரமைப்பு வினை, செயப்படுபொருள், எழுவாய் என்னும் வரிசையில் அமைவது. தமிழின் எழுவாய், செயப்படுபொருள், வினை என்னும் வரிசைக்கு இது கண்ணாடி நிழல் போன்றது. தமிழ்த்தொடரில் செய்தவன் முதலில் அறிமுகமாகிறான். என்ன செய்தான் என்பது இறுதியில் தெரிகிறது. கார் மொழியில் செயல் முதலில் வருகிறது. செய்தவன் பின்னர் வருகிறான்.

இவ்வேறுபாடு போதகத்தில் உடனடியாக வெளிப்படும். எச்சங்களை அடுக்கி, வினைமுற்றை இறுதிவரை நிறுத்திவைக்கும் நீண்ட தொடர் தமிழ்ப் பிரசங்க மரபுக்கு உரியது. வினைமுற்று ஒலிக்கும் வரை மொழிபெயர்ப்பாளன் கார் மொழியில் முதற்சொல்லையே தொடங்க இயலாது. ஆகவே இத்தகைய இரு மொழிகளுக்கிடையே வாய்மொழியாகப் பெயர்ப்பவர் ஒன்று தொடரைத் துண்டாக்க வேண்டும். அல்லது நினைவில் தாங்கிப் புதிதாகக் கட்டவேண்டும். முதல் வழியில் உரையின் ஓட்டம் கெடும். இரண்டாம் வழியைக் கையாள இருமொழியிலும் தாய்மொழிக்கு நிகரான பயிற்சி தேவை.

எண் பாகுபாடும் கருதத்தக்கது. தமிழில் ஒருமை, பன்மை என எண் இரண்டே. கார் மொழியின் மூவிடப் பெயர்களில் இருமையும் உண்டு. இயேசு தம் சீடருள் இருவரை அனுப்பும் இடத்தில் தமிழாக்கத்துக்கு ‘நீங்கள்’ போதும். இருமை உடைய மொழியிலோ, கேட்போர் இருவரா பலரா என்பதை மொழிபெயர்ப்பாளன் ஒவ்வோரிடத்தும் உறுதி செய்தாக வேண்டும். மூலத்தைக் கூர்ந்து படிக்குமாறு பெறுமொழியே அவனைக் கட்டாயப்படுத்துகிறது.

5. ஜான் ரிச்சர்ட்சன்

மூஸ் பள்ளியில் சாலமோனிடம் பயின்றவர் ஹா செவ் கா என்னும் இயற்பெயர் கொண்ட ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் மாந்தளையில் கல்வியைத் தொடர்ந்து, தீவுக்குத் திரும்பி ஆசிரியரானார். அங்குப் பணிபுரிந்த ஜார்ஜ் வைட்ஹெட் தொகுத்த கார் நிக்கோபார் மொழி அகராதி 1925-இல் இரங்கூனில் அச்சாயிற்று. உரோமன் எழுத்தில் அமைந்த அவ்வகராதி, தமிழ் நெடுங்கணக்கில் தனியெழுத்து இல்லாத உயிரொலிகளையும் குறியிட்டுக் காட்டியது. பின்னர்க் கார் மொழியில் விவிலியத்தைப் பெயர்க்கும் பணியில் ரிச்சர்ட்சன் தலைமையேற்றார். முழு விவிலியம் 1969-இல் வெளிவந்தது.

ரிச்சர்ட்சனின் வாழ்க்கை மொழிபெயர்ப்புப் பணியிலிருந்து பிரிக்க இயலாதது. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியில் தீவினர் பலர் கொல்லப்பட்டனர், அவரும் சிறைப்பட்டார். கார் நிக்கோபார் மக்கள் பெருந்திரளாகக் கிறித்தவத்தைத் தழுவியது போருக்குப் பின்னரே. அவர் 1950-இல் பேராயர் ஆனார்; 1952-இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார்; 1978-இல் மறைந்தார். சாலமோன் காலத்தில் தொடங்கிய போதகம் அரைநூற்றாண்டு கழித்தே முழுப்பயன் கண்டது. அயலார் வாயில் அறிவுரையாக இருந்தது, தம்முடன் துன்புற்றவர் வாயில் சான்றுரை ஆயிற்று. இரண்டின் பொருளும் ஒன்றாயினும் கேட்போர் செவியில் அவை ஒன்றல்ல.

6. ‘மனந்திரும்புதல்’ என்னும் சொல்

வாழ்வின் மாற்றத்தைக் குறிக்கத் தமிழ்க் கிறித்தவ மரபு கையாண்ட சொல் ‘மனந்திரும்புதல்’. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘மனம் மாறுதல்’ என்பதைத் தேர்ந்தது. ‘திரும்புதல்’ வந்த வழியே மீளும் பொருளைத் தருகிறது; ‘மாறுதல்’ புதியது ஆகும் பொருளைத் தருகிறது. இரண்டிலும் மாற்றத்தின் இருப்பிடம் தனியாளின் மனமே.

கார் நிக்கோபார்ச் சமுதாயத்தின் அடிப்படை அலகு ‘துகேத்’ எனப்படும் கூட்டுக் குடும்பம். நிலமும் தென்னையும் அதன் பொதுவுடைமை. ஊர்த்தலைவர் ‘கேப்டன்’ என அழைக்கப்படுகிறார். இத்தகைய சமுதாயத்தில் முதன்மையான முடிவுகள் தனியாளின் உள்ளத்தில் மட்டும் பிறப்பதில்லை. அதனால், போருக்குப் பிந்திய பெருந்திரள் மாற்றத்தை ‘உள்ளார்ந்த மாற்றம் அன்று’ எனத் தள்ளுவது பொருந்தாது. தனிமனத்தை அளவுகோலாகக் கொண்ட ஒரு சொல்லால் கூட்டுவாழ்வை அளப்பதன் விளைவே அத்தீர்ப்பு. தீய ஆவி பற்றியவர் என ஐயுறப்பட்டவரைக் கொல்லும் வழக்கம் கார் நிக்கோபாரில் இருந்ததை ஆங்கிலேயர் காலப் பதிவுகள் குறிக்கின்றன. அத்தகைய கொலை ஊர் கூடி எடுக்கும் முடிவாயின், அதனைக் கைவிடுவதும் ஊர் கூடி எடுக்கும் முடிவாகவே இருத்தல் வேண்டும். ஐயத்திற்கு ஆளானவனுக்கு அம்முடிவு உயிர் காக்கும் மாற்றமாகும்.

அப்பதிவுகளின் சொல்லாட்சியும் திறனாய்வுக்கு உரியது. நோய் தரும் ஆவி, முன்னோர் ஆவி ஆகியவற்றை வேறுபாடின்றி ஆங்கிலத்தில் பேய் என்றே அவை குறித்தன. தமிழ்க் கிறித்தவ வழக்கின் ‘பிசாசு’ என்னும் சொல்லும் அவ்வேறுபாட்டைக் காட்டாது. முன்னோர்க்குச் செய்யும் வழிபாடும் தீமைக்கு அஞ்சிச் செய்யும் சடங்கும் ஒரே சொல்லில் அடங்கியபோது, இரண்டும் ஒரே கண்டனத்துக்கு உள்ளாயின.

7. இறந்தோர் பெயரும் அச்சுநூலும்

1883-இல் மறைந்த டேனிய அறிஞர் டி ரோப்ஸ்டார்ஃப் நடு நிக்கோபார் மொழிக்கு அகராதி தொகுத்தவர். இறந்தவரின் பெயரைத் தீவினர் உச்சரிப்பதில்லை என்றும், அப்பெயர் ஒரு பொதுச்சொல்லாகவும் இருப்பின் அச்சொல்லும் விலக்கப்பட்டு வேறு சொல் வழங்கும் என்றும் அவர் பதிந்துள்ளார். நடுத்தீவுகளைப் பற்றிய இக்குறிப்பைக் கார் தீவுக்கு அப்படியே பொருத்துதல் ஆகாது. எனினும் மொழிபெயர்ப்பாளர்க்கு இது ஓர் அரிய சிக்கலைக் காட்டுகிறது. இறந்த ஒருவரின் பெயரை இடைவிடாது உரைப்பதே கிறித்தவப் போதகத்தின் உயிர்நாடி. பெயர் விலக்கு உள்ள சமுதாயத்தில் அவர் உயிர்த்தெழுந்தார் என்னும் கூற்று வெறும் கோட்பாடு அன்று. அப்பெயரை வாயால் சொல்வதற்கான அனுமதியும் அதுவே. மேலும், சொற்கள் மறைந்து மாறும் மொழியில் அச்சிட்ட நூல் சொற்களை நிலைநிறுத்துகிறது. சமயம் மாற்றிய வாழ்வுக் கூறுகளுள் சொல்லின் ஆயுளும் ஒன்று எனலாம்.

8. முடிவுரை

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நிக்கோபார் மொழிகளைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 29,000 பேர். 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கடலோர ஊர்களை அழித்தது. எஞ்சியோர் தீவின் உட்பகுதிக்குப் பெயர்ந்தனர். பழைய இடங்களோடு பிணைந்த வழக்குகள் சிதையும் நிலையில், விவிலிய மொழியாக்கம் கார் மொழியின் விரிந்த எழுத்துச் சான்றாக நிற்கிறது. மொழியியலார் அதனைப் பயன்படுத்தும்போது அது மொழிபெயர்ப்பு என்பதை மறத்தல் கூடாது. அதன் தொடர்களுள் மூலநூலின் சாயலும் கலந்திருக்கும். இயல்பான பேச்சோடு ஒப்பிட்ட பின்னரே அதிலிருந்து இலக்கண முடிவுகளைப் பெறுதல் முறை.

மொழிபெயர்ப்பாளர் பெறும் பாடமும் தெளிவானது. நான்கௌரியில் போதகர்கள் உயிரைக் கொடுத்தும் அவர்கள் சொல் தங்கவில்லை. மூஸில் ஒரு தமிழர் தம் சொல்லைத் தம் மாணவனிடம் விட்டுச் சென்றார். மாணவன் அதனைத் தன் மொழியின் வரிசையில், வினையை முன்வைத்துத் திருப்பிச் சொன்னான். வாழ்வை மாற்றியதாகப் போற்றப்படும் போதகம் எதுவாயினும், அதனை மதிப்பிடுமுன் அது கேட்போரின் தொடரமைப்புக்குள் புகுந்ததா என்று வினவுதல் திறனாய்வாளர் கடன்.