வளைகோட்டை நகர்த்தினால் போதுமா? இடைநிலைப் பேரியல் பொருளாதாரப் பாடம் குறித்து

பொருளாதாரம் படிக்கும் இளங்கலை மாணவர்கள் பலர் திணறும் தாள்களில் இடைநிலைப் பேரியல் பொருளாதாரமும் ஒன்று. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆனர்ஸ் படிப்பில் இதே பெயரில் தாள்கள் உண்டு. பிற பல்கலைக்கழகங்களில் பெயர் மாறினாலும் உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றுதான். மேன்கியூ, பிளான்ஷார், டோர்ன்புஷ்–ஃபிஷர் ஆகியோரின் நூல்களில் ஒன்றோ இரண்டோ பாடநூலாக இருக்கும். முதலாண்டில் வரையறைகளாகப் படித்த தேசிய வருமானம், பணவீக்கம், வேலையின்மை எல்லாவற்றையும் இங்கே சமன்பாடுகளாகவும் வளைகோடுகளாகவும் கட்டி, ஒன்று அசைந்தால் மற்றவை எப்படி அசையும் என்று கணக்கிட வேண்டும். இந்தத் தாளைப் பற்றி நேரெதிரான இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. பொருளாதாரச் சிந்தனைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்கிறார்கள் ஒரு சாரார். நாட்டு நடப்போடு ஒட்டாத வரைபட வித்தை என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. பாடத்தில் உள்ள மாதிரிகள் வலுவானவை. எந்தச் சூழலுக்கு எந்த மாதிரி பொருந்தும் என்று தீர்மானிக்கும் பொறுப்பை மாணவரிடம் விடாததுதான் பாடத்தின் பெருங்குறை என்பது என் வாதம்.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். அரசு தன் செலவை 100 கோடி ரூபாய் உயர்த்தினால் நாட்டின் வருமானம் எவ்வளவு உயரும்? கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் மக்கள் 80 காசு செலவிடுகிறார்கள் என்றால், எளிய கெயின்சியப் பெருக்கியின்படி வருமானம் 500 கோடி உயரும். அடுத்த சில வாரங்களில் ஐ.எஸ்.–எல்.எம். மாதிரி வருகிறது. வருமானம் உயர்ந்தால் பணத்துக்கான தேவை கூடும், வட்டி ஏறும், தனியார் முதலீடு குறையும். எனவே விடை 500 கோடிக்குக் கீழே இறங்குகிறது. அதற்கும் அடுத்து மொத்த அளிப்பு வளைகோடு வருகிறது. விலைகள் ஏறுவதால் உயர்வு மேலும் சுருங்குகிறது. கடைசியில் 1960-களில் உருவான முண்டெல்–ஃபிளெமிங் மாதிரி. மூலதனம் தங்குதடையின்றி எல்லை கடந்து, நாணய மாற்று விகிதமும் சந்தையின் போக்கில் மிதக்குமானால், அரசுச் செலவு நாணய மதிப்பை உயர்த்தி நிகர ஏற்றுமதியைக் குறைக்கும். வருமான உயர்வு பூச்சியம். மாற்று விகிதத்தை நிலையாகப் பிடித்து வைத்திருந்தாலோ வட்டி ஏறாமல், முதலீடும் குறையாமல், முழுப் பெருக்கியும் திரும்பி வந்துவிடுகிறது.

இந்தப் பாடத்தின் உண்மையான வலிமை இந்த விடைமாற்றத்தில் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்குச் சரியானது நாடு முழுவதற்கும் சரியாகிவிடாது என்பதை வெறும் அறிவுரையாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. எல்லோரும் ஒரே நேரத்தில் சிக்கனம் பிடித்தால் மொத்த வருமானம் சரிந்து, மொத்தச் சேமிப்பு முன்பைவிடக் கூடாமலே போகலாம் என்று சமன்பாட்டில் தானே கண்டறிந்த மாணவர், அரசின் கணக்கை வீட்டுக் கணக்கோடு ஒப்பிடும் மேடைப் பேச்சைக் கேட்கும்போது சட்டென்று நின்று யோசிப்பார். செலவு என்றால் பணம் எங்கிருந்து வந்தது, வட்டி என்றால் கடன் வாங்குபவர் என்ன செய்வார், ஏற்றுமதி என்றால் நாணய மதிப்பு என்னவாகும் என்று மறுபக்கத்தைத் தேடும் பழக்கம் இந்தத் தாளில்தான் படிகிறது. நாளிதழ் வாசிப்பாலோ பொது அறிவாலோ அந்தப் பழக்கம் எளிதில் வருவதில்லை. சமன்பாடு கடினமாக இருப்பதாலேயே அது பயனற்றது என்று சொல்பவர்கள் இந்த லாபத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் மாணவரின் அனுபவத்தில் மேலே சொன்ன விடைகள் ஒரே கேள்வியின் விடைகளாகத் தெரிவதில்லை. தனித்தனி அத்தியாயங்களின் விடைகளாகத்தான் தெரிகின்றன. தேர்வுத்தாள் 'விலை நிலையானது, பொருளாதாரம் மூடியது எனக் கொள்க' என்று தொடங்கும். எந்த மாதிரியைப் பயன்படுத்த வேண்டும் என்பது அந்த ஒரு வரியிலேயே முடிவாகிவிடுகிறது. மிச்சமிருப்பது கோட்டை வலப்பக்கமா இடப்பக்கமா எந்தப் பக்கம் நகர்த்துவது என்பது மட்டும். நாடு உண்மையில் இந்த நிலைமைகளில் எதற்கு அருகில் இருக்கிறது என்று கேட்கப்படுவதே அரிது. நூல்களின் அமைப்பும் குழப்பத்தைக் கூட்டுகிறது. மேன்கியூ நீண்டகாலத்தில் தொடங்கிக் குறுகியகாலத்துக்கு வருகிறார். பிளான்ஷார் குறுகியகாலத்தில் தொடங்கி நீண்டகாலத்துக்குப் போகிறார். முன் பாதியில் பண அளவு விலையை மட்டுமே மாற்றும் என்று படித்த மாணவர், பின் பாதியில் அதே பண அளவு உற்பத்தியையும் வேலைவாய்ப்பையும் மாற்றுவதைக் காண்கிறார். இரண்டும் வெவ்வேறு கால அளவைப் பற்றிய கூற்றுகள் என்பதை ஆசிரியர் திரும்பத் திரும்ப நினைவூட்டாவிட்டால், மாணவருக்கு இரண்டுமே மனப்பாடமாகச் சுருங்கிவிடும்.

மாதிரிகளின் வரலாற்றை மறைத்துக் கற்பிப்பது அடுத்த குறை. கெயின்சின் நூல் 1936-இல் வந்தது. அதை இரண்டு வளைகோடுகளில் அடக்கும் ஐ.எஸ்.–எல்.எம். வரைபடத்தை ஜான் ஹிக்ஸ் 1937-இல் தந்தார். அதே ஹிக்ஸ் 1980-இல் எழுதிய கட்டுரையில் அந்த வரைபடத்தின் மேல் தமக்கிருந்த தயக்கங்களை வெளிப்படையாகப் பதிவு செய்தார். இன்றைய மத்திய வங்கிகள் பண அளவை நிர்ணயித்துவிட்டு வட்டியைச் சந்தையிடம் விடுவதில்லை, வட்டியைத்தான் நிர்ணயிக்கின்றன. இதை முன்வைத்து எல்.எம். கோடு இல்லாமலே கெயின்சியப் பாடத்தை நடத்தலாம் என்று டேவிட் ரோமர் 2000-இல் எழுதினார். பிளான்ஷாரும் தம் பாடநூலின் ஏழாம் பதிப்பில் மத்திய வங்கி வட்டியைத் தீர்மானிப்பதாகவே மாதிரியை மாற்றி அமைத்தார். வங்கிகள் கடன் கொடுக்கும்போதே வைப்புத்தொகை உருவாகிறது, பாடநூல் சொல்லும் பணப்பெருக்கி நடைமுறையை விளக்கவில்லை என்று இங்கிலாந்து வங்கி 2014-இல் தன் காலாண்டிதழில் விளக்கியது. இந்த விவாதங்களில் எதையும் அறியாமல் மேல்நோக்கிச் சாயும் எல்.எம். கோட்டையும் பணப்பெருக்கிச் சூத்திரத்தையும் எழுதி முழு மதிப்பெண் பெற்றுவிட முடியும் என்றால், பாடம் மாணவருக்கு முடிவுகளைத் தந்து, அந்த முடிவுகள் எப்படித் திருத்தப்பட்டன என்பதைத் தராமல் விடுகிறது என்றுதான் பொருள்.

இந்தியச் சூழலில் இந்த இடைவெளி இன்னும் அகலம். 2023 ஜூலையில் தக்காளி விலை எகிற, சில்லறைப் பணவீக்கம் 7.44 விழுக்காட்டைத் தொட்டது. ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 விழுக்காடு. மேல் வரம்பு 6. பணவீக்கம் இலக்கைத் தாண்டினால் வட்டியை உயர்த்து என்று வகுப்பில் படித்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டால் ரிசர்வ் வங்கி பிற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி விகிதம் ஏறியிருக்க வேண்டும். பணவியல் கொள்கைக் குழு அதை 6.5 விழுக்காட்டிலேயே வைத்திருந்தது. செப்டம்பரில் பணவீக்கம் 5 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. இதை விளக்க மாணவருக்குப் புதிய கோட்பாடு தேவையில்லை. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட விலைக் குறியீட்டெண்ணில் உணவு, பானங்களின் பங்கு 45.86 விழுக்காடு என்ற ஒரு தகவலும், அளிப்புப் பக்க அதிர்ச்சி பற்றிய அத்தியாயமும் போதும். வட்டியை ஏற்றுவதால் தக்காளி அதிகம் விளைந்துவிடாது. ஆனால் விலையேற்றம் நீடித்து மக்களின் எதிர்பார்ப்பில் ஊறிவிட்டால் மத்திய வங்கி வாளாவிருக்கவும் முடியாது. இந்த இரண்டையும் எடைபோடத் தேவையான கருவிகளெல்லாம் மாணவரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை எடுத்துப் பயன்படுத்தும் சந்தர்ப்பம்தான் தரப்படவில்லை.

வேலையின்மை அத்தியாயத்தில் பழுது கருவியிலேயே இருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் சந்தையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்த அத்தியாயம், உற்பத்தி குறைந்தால் வேலையின்மை விகிதம் உயரும் என்கிறது. இந்தியாவின் தொழிலாளர் கணக்கெடுப்பு 2022–23-இல் வேலையின்மை 3.2 விழுக்காடு என்றது. பாடநூலின் கண்ணோட்டத்தில் அது பொறாமைப்பட வைக்கும் எண். உழைப்பவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் விவசாயத்தில் இருக்கும் நாட்டில், வேலை இல்லாமல் சும்மா இருக்க ஏழைக்கு வசதியில்லை. கிடைத்த வேலையில், கிடைத்த கூலிக்கு ஒண்டிக்கொள்கிறார். நெருக்கடி வந்தால் அது வேலையின்மை விகிதத்தில் தெரிவதைவிட மறைமுக வேலையின்மையிலும் கூலிக் குறைவிலும்தான் அதிகம் தெரியும். ஆர்தர் லூயிஸ் 1954-இலேயே உபரி உழைப்புள்ள பொருளாதாரத்துக்கெனத் தனி மாதிரியை வகுத்தார். 1979-இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த மாதிரி பெரும்பாலும் வளர்ச்சிப் பொருளாதாரம் என்ற வேறு தாளுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அதனால் மாணவர் ஒரு தாளில் அமெரிக்காவையும் இன்னொரு தாளில் இந்தியாவையும் படித்துவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பார்க்காமலே பட்டம் வாங்குகிறார்.

இவ்வளவு குறையிருந்தால் இந்த மாதிரிகளையே தூக்கி எறியலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பிரான்சில் 2000-இல் மாணவர்கள் கணித மோகத்தை எதிர்த்து விண்ணப்பம் வெளியிட்டார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழக மாணவர்கள் 2008 நெருக்கடிக்குப் பின்னும் பாடம் மாறவில்லை என்று 2014-இல் அறிக்கை தந்தார்கள். அதே ஆண்டு சுமார் 30 நாடுகளின் மாணவர் அமைப்புகள் பன்மைத்துவம் கோரிக் கூட்டறிக்கை விட்டன. ஒரே சிந்தனைப் பள்ளியை முழு உண்மையாகக் காட்டக்கூடாது என்ற அவர்களின் கோரிக்கை நியாயமானது. ஆனால் பள்ளிகளின் பெயர்ப் பட்டியலை நீட்டுவதால் மட்டும் நோய் தீராது. மார்க்சியம், மின்ஸ்கியின் நிதி நெருக்கடிக் கோட்பாடு, பின்கெயின்சியம் என்று மேலும் மூன்று அத்தியாயங்களைச் சேர்த்து, அவற்றையும் 'குறிப்பு வரைக' என்று கேட்டால், மனப்பாடச் சுமைதான் கூடும். தேர்ந்தெடுக்கும் திறன் அப்படியே குன்றியிருக்கும்.

ஆசிரியர்கள் தரப்பில் வரும் மறுப்புகளும் எளிதில் ஒதுக்கக்கூடியவை அல்ல. ஒரு செமஸ்டர் சில மாதங்கள்தான்; வகுப்பு பெரியது; மாணவர்களின் கணித அடித்தளம் சீரற்றது; தரவுக்கு எக்கனோமெட்ரிக்ஸ் தாள் தனியாக இருக்கிறது. நேரம் போதாது என்பது உண்மை. அதே மாதிரியின் நாலைந்து இயற்கணித வடிவங்களைத் தீர்க்கச் செலவாகும் நேரத்தில் ஒரு பகுதியை விடுவித்தாலே வழி பிறக்கும். ரிசர்வ் வங்கியின் கொள்கை அறிக்கை ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாக வெளியாகிறது. அதில் ஒரு பத்தியை வாசிக்கப் புள்ளியியல் பட்டம் தேவையில்லை. எக்கனோமெட்ரிக்ஸ் தாள் தரவை மதிப்பிடக் கற்றுத்தருகிறது. தரவைப் பார்த்து எந்த மாதிரியை எடுப்பது என்பது இந்தத் தாளின் கடமை. மாதிரி என்பதே எளிமைப்படுத்தல், அதன் எடுகோள்கள் உண்மையா என்று பார்க்கக்கூடாது, கணிப்பு பலிக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்று மில்டன் ஃபிரீட்மன் 1953-இல் வாதிட்டதை மேற்கோள் காட்டுவோரும் உண்டு. அந்த அளவுகோலையே ஏற்றுக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு கணிப்பையும் நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பாடத்தின் உயிர்நாடி ஆகிறது. ஒப்பிட்டே பார்க்காத வகுப்பறை ஃபிரீட்மனின் பெயரைச் சொல்லித் தப்ப முடியாது.

பாடத்தை மாற்றுவதற்கான நெம்புகோல் தேர்வுத்தாளில் இருக்கிறது. கேள்வி மாறாதவரை வகுப்பும் மாறாது. மாணவரின் உழைப்பு மதிப்பெண் போகும் வழியில்தான் போகும். ஒவ்வொரு தாளிலும் ஒரு பெரிய கேள்வியாவது எடுகோள்களைத் தராமல் நிலைமையை மட்டும் தர வேண்டும்: பணவீக்கத்தின் சில மாத எண்கள், ரூபாயின் போக்கு, அரசின் பற்றாக்குறை, மழையின் அளவு. எந்த மாதிரி பொருந்தும், ஏன், அது எங்கே தவறக்கூடும் என்று மாணவர் எழுதட்டும். காரணம் வலுவாக இருந்தால் இரண்டு வெவ்வேறு விடைகளுக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும். இதைத் திருத்துவது கடினம்தான், அநியாயம் நடந்துவிடுமோ என்ற அச்சமும் இயல்பானதே; அதற்கு விடைக்குறிப்பில் முடிவைவிடக் காரணத்துக்கு அதிக மதிப்பெண் ஒதுக்குவது ஒரு வழி. இந்தத் தாளை முடித்தவர்கள்தான் நாளை வங்கியிலும் நிதித்துறையிலும் பத்திரிகையிலும் உட்கார்ந்து, வட்டியை ஏற்றலாமா, செலவைக் குறைக்கலாமா என்று எழுதவும் முடிவெடுக்கவும் போகிறார்கள். அங்கே எடுகோள்களை யாரும் முதல் வரியில் எழுதித் தரமாட்டார்கள். அவற்றைக் கண்டறியும் பயிற்சியைப் பல்கலைக்கழகம் தராவிட்டால், அதன் விலையை அந்த முடிவுகளுக்கு உட்பட்டு வாழும் மக்கள்தான் கொடுக்க நேரும்.