மணிமேகலையில் அறமும் அறிவும்

அறிவியல் பாடவேளையில், "எதையும் சோதித்துப் பார்த்தே ஏற்றுக்கொள்" என்று மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். அடுத்த பாடவேளையில், "நல்லதையே செய், இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்கின்றோம். இவ்விரண்டையும் ஒரே நாளில் கேட்ட மாணவன் ஒருவன், "ஐயா, பார்ப்பவர் எவருமில்லை என்றால் நல்லவனாய் இருக்க வேண்டியதில்லையா?" என்று வினவினான். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் மணிமேகலையை மீண்டும் பயின்றபோதுதான், சாத்தனார் அவ்வினாவை என்றோ எதிர்கொண்டிருக்கிறார் என்பது விளங்கிற்று.

உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் பதிப்பித்து வழங்கிய இக்காப்பியத்தைச் சமயப் பரப்புரை என ஒதுக்குவாரும், வாதக் காதைகள் கதையோட்டத்தைத் தடுக்கின்றன எனக் குறை கூறுவாரும் உளர். அக்கூற்றுகளில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், முப்பது காதைகளும் அமைந்த வரிசையை நோக்குதல் வேண்டும். மணிமேகலை அமுதசுரபியைப் பெறுவது 11ஆம் காதையில். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாவது 19ஆம் காதையில். வஞ்சியில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்பதோ 27ஆம் காதையில். அறவண அடிகளிடம் அளவை இலக்கணம் கற்பது 29ஆம் காதையில். மெய்ப்பொருள் யாதென வாதிட்டு முடியும்வரை பசித்தோர் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இவ்வரிசை உணர்த்தும் கருத்து எனலாம்.

ஆபுத்திரன் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்குகிறது. வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவை அவன் விடுவிக்கின்றான். தன்னைப் புடைத்தவர்களிடம், பிறந்த நாள் முதலாய்ப் பாலூட்டும் உயிரின்மேல் உங்களுக்கு என்ன பகை என்று கேட்கின்றான். இங்கு இரக்கம் முந்துகிறது. அறிவு அதற்குத் துணை நிற்கிறது. பின்னர், அவனது அறத்திற்குப் பயன் அளிப்பதாக இந்திரனே வந்தபோது, நகைத்து மறுக்கின்றான். ஈவதற்கு வறியோர் இல்லாத வானுலகம் அவனுக்கு எதற்கு? பரிசுக்காகவோ அச்சத்தாலோ செய்யப்படாத அறத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

இனிப் பூதவாதியிடம் வருவோம். பூவும் வெல்லக்கட்டியும் சேர மதுவின் களிப்புத் தோன்றுதல்போல, பூதங்களின் கூட்டத்தால் உணர்வு தோன்றுகிறது, காட்சியே அளவை, மறுமை இல்லை என்பது அவன் வாதம். தன் தாய் தந்தையரைக் கருதல் அளவையாலன்றி வேறு எவ்வாறு அறிவாய் என்று மணிமேகலை மடக்குகின்றாள். கூரிய விடைதான். அறிவியலும் கண்ணுக்குப் புலனாகாத அணுவைக் கருதலால் அன்றோ நாடிற்று? ஆனால், காட்சி மட்டும் போதாது என்பதை இவ்விடை நிறுவுகிறதே அன்றி, மறுபிறப்பு உண்டென்பதை நிறுவவில்லை. பெற்றோர் யாவர் என்பதைப் பிறர் சான்றாலும் ஆராயலாம். முற்பிறப்பை அவ்வாறு ஆராய இயலாது. மதுவைப் பற்றிய உவமைக்கோ மறுப்பே இல்லை. சாத்தனார் தம் சமயத்தின் பக்கம் நின்று தீர்ப்பை முன்னரே எழுதிவிட்டார் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

மற்றொன்றையும் சுட்டுதல் வேண்டும். இளம்பெண் கேட்டால் எவரும் தம் நூற்பொருளை உரையார் என்பதால், மணிமேகலை மாதவர் வடிவில் மறைந்து செல்ல நேர்கிறது. மெய்ப்பொருளை ஆராய்ந்த அவையினர், எதிரே நிற்பவரை மதிக்கும் அறத்தில் தவறினர். சமய அறிவும் தருக்க அறிவும் நிறைந்திருந்தாலும், ஒழுக்கம் தானே வந்துவிடாது என்பதற்கு இதுவே சான்று.

ஆதலின் ஆசிரியர்காள், 27ஆம் காதையைத் தேர்வுக்குரிய சமயப் பட்டியலாகக் கற்பித்து முடித்துவிடாதீர்கள். மணிமேகலையின் பக்கமும் பூதவாதியின் பக்கமும் நின்று மாணவரை வாதிடச் சொல்லுங்கள். பூதவாதி வென்றாலும் அஞ்ச வேண்டாம். வாதம் முடிந்ததும், "பூதவாதியே வென்றான் என்று கொள்வோம், பசித்தவன் வாயிலில் நிற்கின்றான். இப்போது என்ன செய்வாய்?" என்று ஒரு வினாவை மட்டும் கேளுங்கள். அன்று என் மாணவனுக்கு நான் கூறியிருக்க வேண்டிய விடை அவ்வினாவில்தான் இருக்கிறது.