பட்டம் வந்தது, பாதை திறக்கவில்லை

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியத்தில் ஐ-லீக் கால்பந்தின் கடைசி நாள் ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. ராசிபுரத்திலிருந்து சேலம் போய், பஸ் மாறி வந்து உட்கார்ந்திருந்த எங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. அதே நேரம் அவர்கள் கோழிக்கோட்டில் கோகுலம் அணியோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். இடைவேளைவரை ஆளாளுக்குக் கையில் செல்போன், அந்த ஸ்கோரைப் பார்க்க.

இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியைச் சரியாக அடித்தார். அந்த சீசனில் அவருக்கு 21 கோல். ஆனால் அன்றைக்கு ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியவர் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா. இரண்டு கோல், அதில் ஒன்று இன்ஜுரி டைமில். 3-1. ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்தது. 43க்கு 42: ஒரே புள்ளியில் ஐ-லீக் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது.

வந்து என்ன? மேலே இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல். இருந்தது. ஐ-லீகில் முதலிடம் பிடித்தால் அங்கே போகலாம் என்ற விதியே அப்போது கிடையாது. அதே ஆண்டு ஐ.எஸ்.எல்.லை முதல் நிலை லீகாக அறிவித்தார்கள். ஐ-லீக் ஒரு படி கீழே இறங்கியது. 2021-22 சீசனில் சென்னை சிட்டி ஐ-லீகிலேயே இல்லை. அந்த அணி மேலே ஏறியிருந்தால் கோவையில் இன்றைக்கும் கூட்டம் இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

பாதை பிறகுதான் திறந்தது. 2022-23ல் ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப், அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்டிங் மேலே போயின. 2024-25 பட்டத்துக்குச் சர்ச்சில் பிரதர்ஸும் இன்டர் காசியும் மல்லுக்கட்டின. 2025 ஜூலையில் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் அதை இன்டர் காசிக்குத் தந்தது. மைதானத்தில் முடிய வேண்டியது வழக்காடி முடிந்தது. இன்னொரு பக்கம், ஐ.எஸ்.எல்.லில் கடைசி இடம் பிடித்த முகமதன் கீழே இறங்கவில்லை. ஏறலாம், இறங்க வேண்டாம் என்றால் கடைசி மாத ஆட்டங்களுக்கு உயிர் எங்கிருந்து வரும்?

அந்த ஐ.எஸ்.எல். லீகே 2025ல் தடுமாறியது. ஒளிபரப்பு, விளம்பர உரிமைக்கான 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிக்காததால் சீசனே நின்றது. 2026 ஜனவரியில் மத்திய விளையாட்டு அமைச்சர்தான் 14 அணிகளோடு பிப்ரவரி 14ல் தொடங்கும் என்று அறிவித்தார்.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை தருவது அடிமட்டம். 2023ல் ஐ-லீகுக்கு இரண்டு படி கீழே ஐ-லீக் 3 வந்தது. மாநில லீகுகளிலிருந்து வரும் அணிகள் அதில் ஆடுகின்றன. முதல் சீசனை ஜெயித்த ஸ்போர்டிங் கிளப் பெங்களூரு, அதே ஓட்டத்தில் ஐ-லீக் 2ஐயும் வென்று 2024-25ல் ஐ-லீகில் ஆடியது.

எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் கிரிக்கெட் முடிந்த பிறகுதான் கால்பந்துக்காரர்களுக்கு இடம் கிடைக்கிறது. கோல் போஸ்டுக்கு நான்கு செங்கல். போன வாரம் ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, ஐ-லீக் ஆடணும்னா எந்த டீம்ல சேரணும்?" முதலில் மாவட்ட லீகில் ஆடும் ஒரு டீமைச் சொன்னேன். அடுத்த கேள்வி: "அது வருசத்துல எத்தனை மேட்ச்ணா?"