பிணை மறுப்பும் நீதியின் தராசும்

அப்பாசியக் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் எழுதியளித்த ‘கிதாபுல் கராஜ்’ நிலவரி பற்றிய நூலாகவே பெரிதும் அறியப்படுகிறது. சிறைப்பட்டோர் பற்றிய அறிவுரையும் அதில் உண்டு. ஒருவர்மீது மற்றவர் பழி சுமத்தினார் என்பதற்காக மட்டும் அவரைச் சிறையிடலாகாது; இருதரப்பாரையும் ஒருசேர அழைத்து விசாரிக்க வேண்டும்; சான்று இருப்பின் தீர்ப்பளிக்க வேண்டும்; இல்லையேல் ‘கஃபீல்’ எனும் பிணையாளரைப் பெற்றுக்கொண்டு விடுவிக்க வேண்டும் என்கிறார் இமாம். பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் நம் நாட்டில் நிலவும் பிணை விதியை இதனருகில் வைத்துப் பார்ப்பது தகும்.

1967ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில், மும்பைத் தாக்குதலை அடுத்து 2008இல் 43டி பிரிவு சேர்க்கப்பட்டது. குற்றச்சாட்டு முதல் நோக்கில் உண்மையென நம்ப நியாயமான காரணங்கள் இருப்பதாக நீதிமன்றம் கருதினால் பிணை வழங்கலாகாது என்கிறது அதன் ஐந்தாம் உட்பிரிவு. குற்றவாளியல்லர் என நம்பவே காரணம் வேண்டுமென்று கேட்ட தடாவையும் பொடாவையும் நோக்க, இது மென்மையான விதியாகவே தோன்றும். நடைமுறை அவ்வாறு அமையவில்லை.

2019 ஏப்ரல் 2 அன்று வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே இதற்குக் காரணம். பிணைக் கட்டத்தில் சாட்சியங்களை நுணுகி எடைபோடலாகாது. அரசுத் தரப்பின் ஆவணங்கள் சாட்சியமாக ஏற்கத்தக்கவையா என ஆராய்ந்து ஒதுக்கவும் கூடாது. அவற்றை முழுமையாகக் கொண்டே முடிவெடுக்க வேண்டும் என்றது அது. அதன்பின் குற்றஞ்சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் மன்றில் நிற்கலாம். ஆனால் எதிர்த்தரப்பின் தாளில் உள்ள ஓட்டையைச் சுட்டினால் ‘அது விசாரணையின்போது’ என்பதே விடை. அந்த விசாரணையோ ஆண்டுக்கணக்கில் தொடங்குவதில்லை.

இந்த இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தியது, 2021 பிப்ரவரி 1 அன்று நஜீப் வழக்கில் மூன்று நீதிபதிகள் அளித்த தீர்ப்பு. விசாரணை நியாயமான காலத்துள் முடியாதெனில் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிருரிமையும் சுதந்திரமும் மேலோங்கும் என்றது அது. குற்றஞ்சாட்டப்பட்டவர் ஐந்தாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தார்; இன்னும் 276 சாட்சிகள் விசாரிக்கப்பட வேண்டியிருந்தது. போற்றத்தக்க தீர்ப்பே. எனினும் அது திறந்தது காலத்தின் வாயிலை, சான்றின் வாயிலையன்று. வழக்கு எவ்வளவு வலுவற்றதாயினும், சிறையில் போதிய ஆண்டுகள் கழித்தவர்க்கே அவ்வழி பயன்படும். நிரபராதி தன் பொறுமையைக் கொண்டே பிணை பெற வேண்டியவராகிறார்.

சான்றின் வாயிலைத் திறக்க முயன்றது 2023 ஜூலையில் வந்த வர்னன் கொன்சால்வஸ் தீர்ப்பு. சாட்சியத்தின் மதிப்பை மேலோட்டமாகவேனும் ஆராயாமல் ‘முதல் நோக்கில் உண்மை’ எனக் கொள்ள முடியாது என்றது அது. ஆனால் 2024 பிப்ரவரியில் குர்விந்தர் சிங் வழக்கில், இச்சட்டத்தின்கீழ் சிறையே விதி, பிணை விலக்கு என்றது ஓர் அமர்வு. அதே ஆகஸ்டில் ஜலாலுதீன் கான் வழக்கில், சிறப்புச் சட்டங்களிலும் பிணையே விதி என்றது மற்றோர் அமர்வு. ஒருவரின் விடுதலை எந்த அமர்வின்முன் மனு வருகிறது என்பதைப் பொறுத்ததாகிவிட்டால், அதைச் சட்டத்தின் ஆட்சி என எவ்வாறு அழைப்பது?

நாட்டின் பாதுகாப்பு அற்பமானதன்று. 1998 பிப்ரவரியில் கோவைக் குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் பறிபோயின. அக்குடும்பங்களுக்கு நீதி கிடைத்தே ஆகவேண்டும். ஆயின் பிணை என்பது விடுதலைத் தீர்ப்பன்று. விசாரணைக்கு வருவேன் எனும் உறுதிமொழியே. அவ்வழக்கில் 1998இல் கைதான அப்துல் நாசர் மதனி பிணையின்றி ஒன்பது ஆண்டுகள் சிறையிலிருந்து, 2007 ஆகஸ்ட் 1 அன்று நிரபராதியென விடுவிக்கப்பட்டார். அவ்வழக்கு சாதாரணச் சட்டத்தின்கீழ் நடந்தது. 43டி இல்லாதபோதே இந்நிலையெனில், இருக்கும்போது எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒன்பது ஆண்டுகளால் இறந்தவர் எவருக்கும் நீதி கூடவில்லை.

இது முஸ்லிம்களின் முறையீடு மட்டுமன்று; மேற்சொன்ன வழக்குப் பெயர்களே அதற்குச் சான்று. ஒரு கூட்டத்தார்மீதுள்ள வெறுப்பு நீதி தவறத் தூண்டலாகாது எனும் திருமறையின் கட்டளை (5:8) நமக்கு வேண்டாதவர் கூண்டில் நிற்கும்போதும் நம்மைக் கட்டுப்படுத்தும். இமாம் கேட்டது பெரிதன்று: இருதரப்பையும் கேளுங்கள், சான்றை எடைபோடுங்கள், பிறகு சிறையா பிணையா எனச் சொல்லுங்கள். எடைபோடலாகாது என நீதிபதியையே தடுக்கும் விதி தராசைப் பறித்துக்கொண்டு தீர்ப்பைக் கேட்கிறது.